காலண்டர் தாளில் ஓர் ஆபரேட்டர்

ஷோபனாவுக்கு முப்பத்திரண்டாவது வயதில் ஒரு வண்டியின் மேல் காதல் வந்தது. கார் இல்லை, ஸ்கூட்டியும் இல்லை. திருமழிசையில் அவள் வேலை பார்க்கும் குடோனுக்குள் மஞ்சள் நிறத்தில், முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி அலையும் ஃபோர்க்லிஃப்ட் மேல்தான் அந்தக் காதல்.

அவளுக்குப் பேக்கிங் பிரிவில் வேலை. மிக்சி, குக்கர், மின்விசிறி என்று வந்து இறங்கும் பெட்டிகளுக்கு டேப் ஒட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, மரப்பலகை மேல் அடுக்கி வைக்க வேண்டும். பேலட் என்று அந்தப் பலகைக்குப் பெயர். அவளும் இன்னும் மூன்று பெண்களும் முதுகு ஒடிய அடுக்கி முடித்த பேலட்டை ஃபோர்க்லிஃப்ட் வந்து ஒரே மூச்சில் தூக்கி, உச்சாணித் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடும். ஓட்டுகிறவன் நெற்றியைக்கூடத் துடைப்பதில்லை. முதலில் ஷோபனாவுக்கு அவனைப் பார்த்தால் எரிச்சலாக இருந்தது. எரிச்சல் எப்போது ஆசையாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் அந்த வண்டி திரும்பும் அழகையே பார்த்துக்கொண்டிருப்பாள். பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி அது. பின்பக்கம் ஒரு வீசு வீசும், முன்பக்கம் நகராமல் நிற்கும். அதைப் பார்க்கப் பார்க்க அவள் கை தானாக ஸ்டியரிங் பிடிக்கும்.

ஆசையை ஆசையாக விட்டுவைக்கிற ரகம் இல்லை அவள். அம்பத்தூரில் ஒரு பயிற்சி மையம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுத் தருகிறது என்று விசாரித்து, சீட்டுப் பணத்தைக் கட்டிச் சேர்ந்துவிட்டாள். கணவன் கஜபதி ஏசி மெக்கானிக். திருமுல்லைவாயிலிலேயே பிறந்து வளர்ந்தவன். கிண்டல் அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

"இன்னா ஷோபா, கேஸ் சிலிண்டரு தீந்தா நகத்தக்கூட என்னத்தான் கூப்பிடுற. நீ டன் கணக்குல லோடு தூக்கப் போறியா?"

"அந்தச் சிலிண்டர நகத்தறதுக்குத்தான் கத்துக்கப் போறேன். சும்மா கெட."

ஆனால் ஞாயிறுதோறும் காலையில் அவளை பைக்கில் கொண்டுபோய் அம்பத்தூரில் விட்டவனும் அவன்தான். பயிற்சி முடிந்து தேர்ச்சிச் சான்றிதழ் கையில் வந்த அன்று, அதை லேமினேட் செய்து கொடுத்தவனும் அவன்தான். ஷோபனா அந்தச் சான்றிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, முருகன் படத்துக்கு முன்னால் சாய்த்து நிறுத்தினாள். அங்கேயே அது நின்றது.

இதற்கிடையில் கம்பெனியில் ஒரு செய்தி பரவியது. பக்கத்திலேயே இரண்டாவது குடோன் வரப்போகிறது, இரண்டு ஆபரேட்டர்களை உள்ளே இருப்பவர்களில் இருந்தே எடுக்கப்போகிறார்கள். சம்பளம் கூடும், பச்சைச் சட்டை கிடைக்கும், முதுகு தப்பிக்கும். அதைக் கேட்ட நாளிலிருந்து ஷோபனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில், ஜன்னல் ஓர சீட்டில், ஃபோனில் ஒரு வீடியோ அவள் கண்ணில் பட்டது. கோட்டு போட்ட ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். வேலையில் மேலே போக ஆசையா? தினமும் காலையில் எழுதுங்கள். ஆக வேண்டும் என்று எழுதாதீர்கள். ஆகிவிட்டதாகவே எழுதுங்கள். எழுதியதை உங்கள் மனம் நம்பும், மனம் நம்பியதை உலகம் நம்பும். பூந்தமல்லி டிராபிக்கில் பஸ் நின்றிருந்த நேரம் முழுக்க ஷோபனா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

இது அவளுக்கு நம்ப முடியாத விஷயமாகத் தோன்றவில்லை. நம் ஊரில் ராமஜெயம் எழுதாத வீடு எங்கே இருக்கிறது? பரீட்சைக்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்னால், வீட்டுக் கடன் கிடைப்பதற்கு முன்னால் என்று எழுதித் தள்ளுகிறவர்கள்தானே நாம். கோட்டு போட்டவர் சாமி பெயரை எடுத்துவிட்டு நம் பெயரைப் போடச் சொல்கிறார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஷோபனா தினக்காலண்டரின் நேற்றைய தாளைக் கிழித்தாள், பின்பக்கம் பிள்ளையார் சுழி போட்டாள், எழுதினாள்: நான் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் ஷோபனா. நான் பயமில்லாமல் வண்டி ஓட்டுகிறேன். எனக்குக் கொடுத்த லோடு பத்திரமாகப் போய்ச் சேருகிறது.

எழுதி முடித்ததும் உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. பொய் எழுதிவிட்டோமோ என்று ஒரு கூச்சம், அதையும் மீறி ஒரு குதூகலம். தாளைச் சான்றிதழுக்குப் பக்கத்தில், முருகனின் காலடியில் கிளிப் போட்டு வைத்தாள். அடுத்த நாள் இன்னொரு தாள், அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. எழுதிய நாட்களில் அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிற நடையே வேறு. டேப் ஒட்டும்போதுகூட முதுகு நிமிர்ந்திருந்தது. பேலட் அடுக்கும்போது பாரம் ஒரு பக்கம் சாயாமல் பார்த்து அடுக்கினாள், நாளைக்குத் தூக்கப் போகிறவள் தானே என்று. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கோட்டுக்காரர் சொன்னதில் ஏதோ இருந்தது.

"இன்னாத்த தினிக்கும் எழுதினுகீற? ஆபரேட்டரு ஆனப்புறம் எழுதேன்" என்றான் கஜபதி.

"ஆனப்புறம் எதுக்கு எழுதணும்? வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாத. கண்ணு பட்டுடும்."

இந்தக் கண் படுகிற விஷயத்தில் ஷோபனா சூடு கண்டவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுவாரமே அது கையை விட்டுப் போயிற்று. அன்றிலிருந்து நடக்கும்வரை எதையும் வாய் திறந்து சொல்வதில்லை என்பது அவள் வைத்திருந்த வைராக்கியம். பக்கத்தில் நின்று டேப் ஒட்டும் பெண்களுக்குக்கூட அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது தெரியாது. சூப்பர்வைசர் நடேசனுக்கும் தெரியாது. எழுதுவது வாயால் சொல்வதில்லையே என்று அவளுக்கு ஒரு கணக்கு.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆடி மாதம் பிறந்து சம்பந்தம் சார் வீட்டுக்கு வரும்வரை.

சம்பந்தம் சார் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். அந்தக் காலத்தில் யூனியன் மேடைகளில் பேசிப் பேசி, வீட்டில் காபி கேட்பதைக்கூட மைக் முன்னால் நிற்கிற மாதிரிதான் கேட்பார். தெரு நலச்சங்கத்தின் செயலாளர். தெருவில் எவனாவது பத்தாம் வகுப்பு பாஸ் செய்தால் பேனர், எவளுக்காவது வளைகாப்பு என்றால் பேனர். நல்லது நடந்து பேனர் இல்லாமல் போனால் அவருக்குத் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுவதற்கு வசூல் கேட்டு வந்தவர், ஷோபனா உள்ளே பர்ஸ் எடுக்கப் போன நேரத்தில் சாமி அலமாரிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். கும்பிட்ட கண் முருகன் காலடிக்குப் போயிற்று. சிவப்பு முத்திரையோடு ஒரு சான்றிதழ். அதன் பக்கத்தில் தெள்ளத் தெளிவான கையெழுத்தில், நான் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் ஷோபனா.

ஆகிவிட்டதாகவே எழுதச் சொன்ன கோட்டுக்காரர், அதைச் சம்பந்தம் சார் படித்தால் என்ன ஆகும் என்று வீடியோவில் சொல்லவே இல்லை.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னடக்கம் உள்ள பிள்ளை, தானாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள், நாமே செய்வோம் என்று முடிவு கட்டிக்கொண்டு, நன்கொடையை வாங்கிக்கொண்டு நேராகத் தேவாவின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார். ஆடித் திருவிழாவுக்கு எப்படியும் அங்கே மூன்று பேனர் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு இன்னொன்று.

புதன்கிழமை காலையில் கம்பெனி பஸ் வழக்கமான இடத்தில் நின்றது. ஷோபனா ஏறி உட்கார்ந்தாள். பஸ் கிளம்பி அவள் தெருவின் மறுமுனையைத் தாண்டும்போது முன்சீட்டில் யாரோ விசில் அடித்தார்கள். "ஏய், நம்ம ஷோபனா!" என்று ஒரு கத்தல். எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அவளும் எட்டிப் பார்த்தாள்.

மின்கம்பத்துக்கும் புங்கமரத்துக்கும் நடுவே, அம்மன் பேனருக்குக் கொஞ்சம் கீழே, ஆள் உயரத்தைவிடப் பெரிதாக அவளே நின்றிருந்தாள். கல்யாண பேனருக்காக அப்போது தேவாவிடம் கொடுத்திருந்த படம். தோளுக்குப் பக்கத்தில் கஜபதியின் அரை மீசை வெட்டுப்பட்டுத் தொங்கியது. பின்னால் ஃபோர்க்லிஃப்ட் படம் கிடைக்காமல் தேவா ஒரு பொக்லைன் வண்டியைப் போட்டிருந்தான். மேலே கொட்டை எழுத்தில், நமது தெருவின் முதல் பெண் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் ஷோபனா கஜபதி பணி உயர்வு பெற்றமைக்கு மனமார்ந்த வாழ்த்துகள். கீழே கம்பெனியின் பெயர், சின்னம், எல்லாம் கலரில்.

அவளுக்கு ரத்தம் காலுக்கு இறங்கிவிட்டது. பஸ்ஸில் ஒரே கைதட்டல். ஆபரேட்டர் பதவிக்குப் பெயர் கொடுத்திருந்த ஜெகதீசன் பின்சீட்டிலிருந்து எழுந்தே வந்துவிட்டான். லோடிங் பிரிவில் இருப்பவன், வாய் சும்மா இருக்காது, மனசில் ஒன்றும் கிடையாது.

"இன்னாக்கா, டெஸ்ட்டே நாளைக்குத்தான். உனக்கு மட்டும் ரிசல்ட் வந்துடுச்சா? அது சரி, பொக்லைனும் ஓட்டுவியா?"

கூட்டத்தில் யாரோ ஃபோனில் பேனரைப் படம் எடுத்திருந்தார்கள். பஸ் திருமழிசை வந்து சேர்வதற்குள் அந்தப் படம் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்று சுற்றிவிட்டது. கார்டு தேய்த்து உள்ளே போன கையோடு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது.

ஆபீஸ் அறையில் மனிதவள மேலாளர் ரேஷ்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நடேசன் கையைக் கட்டி நின்றிருந்தார். மேஜை மேல் ஃபோனில் பேனர்.

"உட்காருங்க ஷோபனா. இது என்ன? நாங்க இன்னும் யாரையும் செலக்ட் பண்ணவே இல்ல. கம்பெனி பேரு, லோகோ எல்லாம் போட்டிருக்கு. மேல இருந்து எனக்கு ஃபோன் வந்தாச்சு."

ஷோபனா உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. மூடி மறைக்கவும் இனி ஒன்றும் மிச்சமில்லை. வீடியோ பார்த்தது, காலண்டர் தாள், முருகன் காலடி, கூழ் வசூல், சம்பந்தம் சாரின் பேனர் வியாதி என்று முதலிலிருந்து கடைசிவரை கொட்டிவிட்டாள். சொல்லச் சொல்ல ரேஷ்மாவின் உதடு துடித்தது. நடேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது.

"சரி, புரியுது" என்றாள் ரேஷ்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அந்தப் பேனர் கீழ இறங்கணும். அதோட இத விட்டுடலாம். போங்க."

ஷோபனா நகரவில்லை. "நாளைக்கு டெஸ்ட்டு எத்தன மணிக்கு மேடம்?"

ரேஷ்மா நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எதுக்கு? பேர் கொடுத்த நாலு பேருக்குத்தான் டெஸ்ட்."

"நான்?"

"நீங்க பேர் கொடுக்கலையே."

ஷோபனா நடேசனைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார். "நீ எங்கிட்ட கேக்கவே இல்லியேம்மா. உனக்கு வண்டி ஓட்டத் தெரியும்கறதே இப்ப நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்துல வண்டியப் பாத்துக்கினு நிப்ப, சிரிப்ப, போயிடுவ. வேடிக்க பாக்குறேன்னு நெனச்சேன்."

அவளுக்கு அந்த நிமிடத்தில் ஏற்பட்டது வெட்கமா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காலையில் கண் விழித்ததும் எழுதினாள், முருகனுக்குச் சொன்னாள், பால் பாத்திரத்துக்குக்கூடச் சொன்னாள். சொல்ல வேண்டிய மனுஷனிடம் மட்டும் சொல்லவில்லை. சான்றிதழ் மஞ்சள் பூசிக்கொண்டு சாமி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. தான் ஆசைப்படுவது எல்லார் கண்ணுக்கும் தானாகத் தெரியும் என்று எந்த தைரியத்தில் இருந்தோம் என்று தன் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கண் பட்டுவிடும் என்று மூடி வைத்தாளே, இப்போது ஊர்க் கண் எல்லாம் அந்தப் புங்கமரத்தடியில்தான் இருக்கிறது. இனி பயப்பட என்ன இருக்கிறது?

"மேடம், இப்ப கேக்குறேன். என் பேரையும் சேத்துக்கோங்க."

"போன வெள்ளிக்கிழமையோட டைம் முடிஞ்சிடுச்சு ஷோபனா."

"எனக்கு ஓட்டத் தெரியும் மேடம். அம்பத்தூர்ல கத்துக்கிட்டு பாஸ் பண்ணியிருக்கேன். சர்டிபிகேட் ஊட்டுல இருக்கு. நாளைக்குக் காலைல உங்க மேஜைல இருக்கும். ஒரே ஒரு தடவ ஓட்டிக் காட்டுறேன். சரியில்லன்னா திரும்பப் போயி டேப் ஒட்டுறேன். எனக்கு இந்த வேலை வேணும் மேடம்."

கடைசி வாக்கியம் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. வெளியே கணினி தட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இது வேண்டும் என்று இதுவரை யாரிடமும், கஜபதியிடம்கூட, இப்படி நேருக்கு நேர் அவள் கேட்டதில்லை. கேட்டபிறகு நெஞ்சு அடித்த அடியில் காது இரண்டும் சூடாகிவிட்டது.

நடேசன்தான் வாயைத் திறந்தார். "மேடம், ஊரே பேனர் வெச்சுடுச்சு. ஓட்டத் தெரியலன்னா நாளைக்கே தெரிஞ்சுடும். ஓட்டத் தெரிஞ்சா நமக்கு நல்லதுதானே?"

ரேஷ்மா பேனாவை உருட்டினாள். "டெஸ்ட் எடுக்கிறவர் வெளியில இருந்து வரார். அந்த நாலு பேர் முடிஞ்சப்புறம் அவருக்கு நேரம் இருந்தா, ஒத்துக்கிட்டா, ஓட்டிக் காட்டுங்க. நான் பேசிப் பாக்கறேன். அதுக்கு மேல எங்கிட்ட கேக்கக் கூடாது."

அன்று மாலை கஜபதியும் ஷோபனாவும் சம்பந்தம் சார் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். விஷயத்தைக் கேட்ட மனிதர் நாற்காலியில் சரிந்துவிட்டார்.

"என்னம்மா சொல்கிறாய்? உன் கைப்பட எழுதியதை என் கண்ணால் பார்த்தேனே!"

"நடக்கணும்னு எழுதுனது சார் அது."

"பொதுமக்கள் முன்னிலையில் வைத்ததை எப்படி இறக்குவது? சங்கத்தின் மானம் என்ன ஆவது?"

"சங்கத்து மானம் இருக்கட்டும் சார், எம் பொண்டாட்டி வேல போயிடப் போது. அப்புறம், என் மீசைய பாதியா வெட்டிட்டீங்களே, அத யார் கேக்குறது?" என்று கஜபதி ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். ஆடிக் காற்று பேனரைப் பிடித்து இழுத்தது. கஜபதி மேலே நின்று முடிச்சை அவிழ்க்க, சம்பந்தம் சார் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, போவோர் வருவோரிடம் எல்லாம் இது தற்காலிக நடவடிக்கை என்று அறிவித்துக்கொண்டிருந்தார். ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை காலையில் அவள் எதையும் எழுதவில்லை. சான்றிதழைச் சாமி அலமாரியிலிருந்து எடுத்து, மஞ்சளை ஈரத்துணியால் துடைத்து, பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டெஸ்ட் எடுக்க வந்தவர் பெயர் சுப்பராயன். ஒல்லியான மனிதர், சிரிப்பதில்லை. குடோன் முற்றத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருந்தார். லோடோடு கூம்புகளுக்கு நடுவே பின்பக்கமாகவே வர வேண்டும், பிறகு உள்ளே போய் மூன்றாம் தட்டில் பேலட்டை வைக்க வேண்டும். நான்கு ஆண்களும் ஓட்டினார்கள். ஒருவன் இரண்டு கூம்பைச் சாய்த்தான். ஒருவன் திருப்பத்தில் ஹாரன் அடிக்க மறந்தான். ஜெகதீசன் தண்ணீர் ஓடுவதைப் போல அலுங்காமல் ஓட்டினான். சாப்பாட்டு மணி அடித்தது. சுப்பராயன் பையை எடுத்தார்.

ரேஷ்மா அவரிடம் போய்ப் பேசினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஷோபனாவைப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார். "ஏறும்மா."

பேக்கிங் பிரிவே டிபன் டப்பாவைத் திறக்காமல் வந்து வரிசை கட்டி நின்றது. ஷோபனா துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு ஏறினாள். பெல்ட்டைப் போட்டாள். சீட்டு சூடாக இருந்தது. என்ஜின் உயிர் பெற்றதும் அவள் காலிலிருந்து தோள்வரை ஓர் அதிர்வு ஓடியது, அதோடு பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. சந்தோஷம்தான் இருந்தது, வாய்விட்டுக் கத்தலாம் போன்ற சந்தோஷம். ஹாரன் அடித்தாள். தலையைப் பின்னால் திருப்பினாள். முதல் கூம்பு போயிற்று, இரண்டாவது போயிற்று. பின்சக்கரம் வீசுகிற வீச்சை அவள் இடுப்பு முன்கூட்டியே உணர்ந்தது. கடைசிக் கூம்பைத் தாண்டியபோது பெண்கள் பக்கமிருந்து ஒரு "ஓ" கிளம்பியது.

உள்ளே ரேக்குக்கு முன்னால் நிறுத்தி, பேலட்டை மேலே ஏற்றினாள். மூன்றாம் தட்டு. முன்னால் நகர்த்தினாள். உள்ளே நுழைகிற நேரத்தில் வலது ஓரம் ஒரு விரற்கடை சாய்வாக இருப்பது தெரிந்தது. அப்படியே தள்ளினாலும் உட்கார்ந்துவிடும். கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது. நிறுத்தினாள். பின்னால் எடுத்தாள். பேலட்டை முழுவதுமாகக் கீழே இறக்கினாள்.

கூட்டத்தில் ஒரு முனகல். "ஐயோ, வுட்டுட்டா" என்று யாரோ சொன்னது அவள் காதில் நன்றாக விழுந்தது. சுப்பராயன் அட்டையில் ஏதோ எழுதினார். போச்சு, என்று நினைத்தாள். போனால் போகட்டும், சாய்வாக வைத்துவிட்டு இந்த வண்டியை விட்டு இறங்க மாட்டேன். வண்டியை நேராக்கினாள், மறுபடி ஏற்றினாள், நூல் பிடித்தாற்போல உள்ளே வைத்தாள், இரும்புக் கைகளை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியை நிறுத்தி இறங்கினாள்.

சுப்பராயன் பக்கத்தில் வந்தார். "எதுக்கு இறக்கினீங்க?"

"சாஞ்சிருந்துச்சு சார்."

"ம்" என்றார், போய்விட்டார். அந்த ஒரு "ம்" சாயங்காலம்வரை ஷோபனாவின் உயிரை வாங்கியது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் நடேசன் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, தொண்டையைச் செருமி, இரண்டு பெயர் சொன்னார். முதல் பெயர் ஜெகதீசன். இரண்டாவது பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பேக்கிங் பெண்கள் ஷோபனாவைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டார்கள். அவள் அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுதாள். ஜெகதீசன் தூரத்தில் நின்று கத்தினான்: "அக்கா, பேனர்ல என்னையும் ஒரு ஓரமா போட்டிருக்கலாம்ல!"

திங்கட்கிழமை காலையில் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ஷோபனா புதுக் குடோனின் வாசலில் நின்றிருந்தாள். சட்டை ஒரு சைஸ் பெரிது, கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தாள். ஓசூரிலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் வெற்றிலை மென்றபடி இறங்கி வந்தார். பெரிய மனிதர், இரவெல்லாம் ஓட்டி வந்த களைப்பு. அவளைப் பார்த்தார், அவள் பின்னால் பார்த்தார்.

"ஏம்மா, லோடு இறக்கணும். ஆபரேட்டர் எங்க இருக்காரு? கொஞ்சம் கூப்பிடேன்."

இத்தனை நாளும் அவள் அதை எழுதியிருக்கிறாள். மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"நான்தாண்ணா ஆபரேட்டர்."

டிரைவர் மெல்லுவதை நிறுத்தினார். அவளை மேலும் கீழும் பார்த்தார், மஞ்சள் வண்டியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, "அப்படியா, சரி தாயி. எந்தப் பக்கம் வண்டிய விடணும், சொல்லு" என்றார்.

"மூணாவது வாசல்ல, நேரா ரிவர்ஸ் எடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஷோபனா ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.